டிரம்ஸை மாற்றும் முன் ஸ்டூலைப் பாருங்கள்

அக்டோபர் கடைசியில் ஆரம்பித்து கிறிஸ்துமஸ் வரைக்கும் எனக்கு வரும் போன்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணாச்சி, நம்ம சர்ச் டிரம்ஸ் சத்தமே சரியில்ல, கேரல் வேற வருது, புதுசு ஒண்ணு எடுத்திரலாமான்னு கமிட்டியில பேசுறாங்க, நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டுச் சொல்லுங்க." பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு டிரம்ஸ் சொல்லிக்கொடுப்பதும் செட்டுகளைச் சரிசெய்து கொடுப்பதும்தான் என் பிழைப்பு. அதனால் நாங்குநேரி, டோனாவூர், வள்ளியூர் என்று யார் கூப்பிட்டாலும் போய்ப் பார்ப்பேன். பார்த்தால் பாதிக்கு மேல் இடங்களில் டிரம்ஸுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. ஹெட், அதாவது டிரம்மின் வாயில் இழுத்து மாட்டிய படலம், பழசாகியிருக்கும், நாலு போல்ட் தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். பெரிய கோளாறு டிரம்ஸுக்குப் பின்னால் கிடக்கும் பிளாஸ்டிக் சேரில் இருக்கும்.

ஆமாம், பிளாஸ்டிக் சேர். செட்டோடு வந்த ஸ்டூலில் மரை போயிருக்கும், அல்லது யாரோ கீபோர்டுக்கு எடுத்துப் போயிருப்பார்கள், சபையில் கிடக்கும் சேரில் ஒன்றை இழுத்துப் போட்டு வாசிப்பார்கள். அந்தச் சேரின் கை முழங்கையை இடிக்கும். முதுகுப்பக்கம் சரிந்திருப்பதால் உட்காருபவர் தன்னை அறியாமல் பின்னால் சாய்வார், சாய்ந்தால் பெடலை மிதிக்க வலு கிடைக்காது, வலு கிடைக்காததால் தொடையைத் தூக்கித் தூக்கி மிதிப்பார், ஆராதனை முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். வளர்ந்த ஆளுக்கு அது தாழ்வாகவும் இருக்கும், முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்கும். இந்த நிலையில் எவ்வளவு விலையுள்ள செட்டை வைத்தாலும் கிக் சத்தம், அதாவது காலால் அடிக்கும் பேஸ் டிரம்மின் சத்தம், 'பொத்'தென்றுதான் கேட்கும்.

நான் போனதும் முதலில் பார்ப்பது ஹெட்டில் விழுந்திருக்கும் தடங்களைத்தான். டாமில், அதாவது பேஸ் டிரம்முக்கு மேலே நிற்கும் சிறு டிரம்மில், சின்னச்சின்னக் குழிகள் இருந்தால், அதை அளவுக்கு மீறிச் சரித்தோ உயரத்திலோ வைத்திருக்கிறார்கள், குச்சி படுக்கையாக விழாமல் நுனி குத்துகிறது என்று அர்த்தம். கால்களுக்கு நடுவில் வைக்கும் ஸ்னேர் டிரம்மில் வெள்ளைப் பூச்சு நடுவில் தேயாமல் விளிம்புப் பக்கம் தேய்ந்திருந்தால், கை எட்டவில்லை, ஸ்னேர் தூரத்தில் இருக்கிறது. பேஸ் டிரம்மில் பீட்டர் (பெடலில் உள்ள சுத்தி) அடித்த வட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் பெடலைக் கோணலாக மாட்டியிருக்கிறார்கள். வாசிக்கிற தம்பியைப் பார்க்காமலேயே அவன் எப்படி உட்காருகிறான் என்று பாதி சொல்லிவிடலாம்.

இதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் சிறு பிள்ளைகளை நினைத்துத்தான். பன்னிரண்டு வயதுப் பையன், இருபத்தைந்து வயது அண்ணன் தன் உடம்புக்கு அமைத்த செட்டில் போய் உட்காருகிறான். ஒரு திருகைத் தொட்டால்கூட "ஏலே, செட்டைக் கலைக்காதல" என்று திட்டு விழும். ஸ்டாண்டில் மாட்டிய உலோகத் தட்டான கிராஷ் சிம்பலுக்குத் தோளைத் தூக்கித் தூக்கி அடிக்கிறான், கால் எட்டாமல் ஸ்டூல் நுனியில் தொங்குகிறான், இப்படியே இரண்டு வருஷம் போனால் அந்த வளைந்த முதுகும் தூக்கிய தோளும் அவன் பழக்கமாகவே ஆகிவிடும், அப்புறம் நான் என்ன சொன்னாலும் மாறாது. செட்டின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு திருகு இருப்பதே வாசிப்பவருக்கு ஏற்றபடி மாற்றத்தான். மாற்றுங்கள்.

எப்படி மாற்றுவது? எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு ஸ்டூலை மட்டும் போட்டு உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், தொடை முழங்காலை நோக்கி லேசாகக் கீழே சரிய வேண்டும், அதாவது இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே. இப்போது கால்கள் இயல்பாக எந்தத் திசையில் விரிகின்றனவோ அங்கேதான் பெடல்கள் வர வேண்டும். வலது பாதத்துக்கு நேராகக் கிக் பெடல், இடது பாதத்துக்கு நேராக ஹைஹாட், அதாவது காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல். பேஸ் டிரம் சபைக்கு நேராகப் பார்க்க வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், போட்டோவுக்கு நன்றாக இருக்கும், காலுக்கு நன்றாக இருக்காது. அது லேசாக வலப்பக்கம் திரும்பியிருந்தால் ஒரு குற்றமும் இல்லை.

அடுத்தது ஸ்னேர், இரண்டு கால்களுக்கும் நடுவில். அதன் ரிம் (ஹெட்டைப் பிடித்திருக்கும் வளையம்) தொடைக்கு இரண்டு மூன்று விரல்கடை மேலே இருந்தால் கை தொடையில் இடிக்காது, ஹெட்டையும் ரிம்மையும் ஒரே அடியில் தட்டும் ரிம்ஷாட்டும் சுலபமாக வரும். டாம்கள் ஸ்னேரை நோக்கிக் கொஞ்சம் சரிந்தால் போதும், ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கை போகும்போது உயரம் சட்டென்று மாறக் கூடாது. தரையில் கால் ஊன்றி நிற்கும் ஃப்ளோர் டாம் ஏறக்குறைய ஸ்னேர் உயரம். சிம்பல்களைக் கடைசியில் வையுங்கள், முழங்கையை முழுசாக நீட்டாமல் எட்டுகிற தூரத்தில். எல்லாம் அமைந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் அடித்துப் பாருங்கள், தேட வேண்டியிருந்தால் அது அங்கே இருக்க வேண்டியதில்லை. பையன் இடக்கைக்காரனாக இருந்தால் மொத்தத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல மாற்றிப் போட்டுப் பார்க்க விடுங்கள். வலக்கையில்தான் வாசிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

தரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் சர்ச்சோ மண்டபமோ கட்டினால் டைல்ஸ் அல்லது கிரானைட்தான். நாலு பாட்டுக்குள் பேஸ் டிரம் ஒரு சாண் முன்னால் ஓடிவிடும், அதைப் பிடிக்க செங்கல் வைப்பார்கள். பாய் விரிப்பவர்களும் உண்டு. பத்தமடைப் பாய் நம் ஊருக்குப் பெருமைதான், ஆனால் வழவழத் தரையில் அது டிரம்மோடு சேர்ந்தே வழுக்கும். அடியில் ரப்பர் உள்ள கார்பெட் வாங்கி, ஸ்டூலும் அதன்மேலேயே நிற்கிற அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள். நம் எடை அதன்மேல் இருந்தால் அது நகராது. பேஸ் டிரம்மின் இரண்டு பக்கக் கால்களையும் முன்னால் சரித்து வைத்து, முன் விளிம்பு தரையிலிருந்து ஒரு விரல் அளவு தூக்கியிருக்கும்படி செய்தால் பின்னோக்கிய பிடிப்பு கிடைக்கும். இடம் சரியானதும் ஒவ்வொரு ஸ்டாண்டு காலையும் சுற்றிக் கார்பெட்டில் டேப் ஒட்டிவிடுங்கள். இரண்டு பேர் வாசிக்கும் இடத்தில் இரண்டு நிற டேப். அடுத்த முறை யார் கலைத்தாலும் ஐந்து நிமிஷத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

இப்போது டியூனிங். கொடை விழாவில் உருமியையும் பறையையும் தீயில் காட்டிக் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது, அதனால் மழைக்காலத்தில் டிரம் செட்டையும் வெயிலில் வைக்கச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தோல் வைத்த வாத்தியத்துக்கு அது சரி. டிரம்ஸில் கன்றுத் தோல் போய் 1950களின் கடைசியிலேயே பாலியெஸ்டர் வந்துவிட்டது, அது ஈரத்துக்குத் தொய்யாது. வெயிலில் வைத்தால் ஷெல் (டிரம்மின் கூடு) மேல் ஒட்டிய உறைதான் உப்பிக்கொண்டு வரும்.

டியூன் செய்யும் டாமைக் கழற்றி மடியிலோ ஸ்டூலிலோ வையுங்கள். ஹெட்டை எடுத்ததும் ஷெல்லின் விளிம்பை ஒரு துணியால் சுற்றித் துடைத்து, விரலை ஓட்டிப் பாருங்கள், அங்கே ஒரு சிறு பிசிறு இருந்தாலும் சத்தத்தில் தெரியும். ஹெட்டையும் ரிம்மையும் வைத்து எல்லாப் போல்ட்டையும் வெறும் விரலால் முட்டும்வரை திருகுங்கள். அப்புறம் போல்ட்டைத் திருகும் டிரம் கீயை எடுத்து, ஒன்றை முடுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரில் உள்ளது, இப்படியே எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாகப் போங்கள். பக்கத்துப் போல்ட்டுக்கு வரிசையாகப் போனால் ஹெட் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு உட்காரும், பிறகு எவ்வளவு முடுக்கினாலும் சுருதி நிற்காது. சுருக்கமெல்லாம் போனதும் உள்ளங்கையால் நடுவில் அமுக்குங்கள். புது ஹெட்டாக இருந்தால் 'படக் படக்'கென்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம், கிழியவில்லை, பசை விட்டு உட்காருகிறது. பிறகு ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு அங்குலம் உள்ளே குச்சியால் லேசாகத் தட்டி, எல்லா இடத்திலும் ஒரே சுருதி வரும்வரை சரிசெய்ய வேண்டும். பொறுமை வேண்டிய வேலை இதுதான். அடி ஹெட்டையும் இதேபோல, மேல் ஹெட்டைவிடக் கொஞ்சம் கூட்டி வைத்தால் டாம் தெளிவாகப் பேசும். பெரும்பாலானவர்கள் அடி ஹெட்டைத் தொடுவதே இல்லை, சில இடங்களில் கழற்றியே வீசிவிட்டிருக்கிறார்கள். ஸ்னேரின் அடி ஹெட் மட்டும் மிகவும் மெல்லியது, கம்பிச் சுருள் வைக்கும் பக்கம் அது, அதைக் குச்சியால் குத்திச் சோதிக்காதீர்கள்.

சிம்பலில் இரண்டே விஷயம். ஸ்டாண்டு கம்பிக்கும் சிம்பல் துளைக்கும் நடுவே பிளாஸ்டிக் குழாயும் மேலும் கீழும் ஃபெல்ட்டும் இருக்க வேண்டும், மேல் நட்டை இறுக்கக் கூடாது. ஆடாத சிம்பல் உடையும். இன்னொன்று, பளபளவென்று இருக்க வேண்டுமென்று புளி போட்டும், பாத்திரம் துலக்கும் பொடி போட்டும் தேய்க்காதீர்கள். கைரேகையைத் துணியால் துடைத்தால் போதும். உவரி, திருச்செந்தூர்ப் பக்கம் உப்புக் காற்றில் போல்ட்டுகள் சீக்கிரம் துருப்பிடிக்கும், அங்கே உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது போல்ட்டைக் கழற்றித் துடைத்துத் துளி கிரீஸ் தடவிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும்.

காது விஷயத்துக்கு வருகிறேன், இதைச் சொல்லாமல் விட முடியாது. கான்கிரீட் கூரை, கிரானைட் தரை, வெறும் சுவர், மூலையில் டிரம்ஸ். மூலையில் வைத்தால் கிக்கின் அடிச்சத்தம் இன்னும் பெருகும். சபைக்குச் சத்தம் அதிகமாகிறது என்று முன்னால் அக்ரிலிக் தடுப்பு வைக்கிறார்கள், சபைக்கு நிம்மதி, ஆனால் அந்தச் சத்தத்தில் பெரும்பங்கு திரும்பி வாசிக்கிற பையன் காதிலேயே விழுகிறது. தடுப்பு வைத்தால் அவனுக்குப் பின்னாலும் பக்கத்திலும் திரைத்துணியோ ஃபோமோ கண்டிப்பாக வேண்டும். அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு நிறுவனம் 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைதான் கேட்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம். டிரம்ஸ் கொஞ்சம் உற்சாகமாக வாசித்தாலே 100ஐத் தாண்டும். வாசித்து முடித்த பிறகு காதில் 'கொய்ங்' என்று கேட்டால் அது காது தாங்கவில்லை என்று சொல்வது. அப்படிச் செத்துப்போகும் உள்காது செல்கள் திரும்ப முளைக்காது. பஞ்சு வைப்பதால் பெரிய பிரயோஜனம் இல்லை. மெடிக்கல் ஸ்டோரில் கிடைக்கும் ஃபோம் இயர்பிளக்கை விரலால் உருட்டி மெலிதாக்கி, மறுகையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும்வரை அமுக்கி வையுங்கள். முதல் இரண்டு நாள் பாட்டு மந்தமாகக் கேட்கும், பழகிவிடும். ஃபோம் பிடிக்காதவர்களுக்கு வாத்தியக்காரர்களுக்கென்றே செய்த இயர்பிளக்கும் இருக்கிறது.

ஆக, கமிட்டியில் பணம் ஒதுக்கினால் நான் சொல்லும் வரிசை இது: உயரம் மாற்றக்கூடிய நல்ல ஸ்டூல், இயர்பிளக், கார்பெட், புது ஹெட். அதற்குப் பிறகும் சத்தம் பிடிக்கவில்லை என்றால் செட்டை மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். டிரம் கீ இரண்டாக வாங்கி, ஒன்றை ஹைஹாட் ஸ்டாண்டில் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். கீ தொலைந்ததும் எல்லோரும் எடுப்பது கட்டிங் பிளேயரைத்தான். அது போல்ட்டின் சதுரத் தலையை மழுக்கிவிட்டால் பிறகு எந்தக் கீயும் பிடிக்காது, டிசம்பரில் நீங்கள் கூப்பிட்டாலும் நான் வேறெங்காவது கேரல் வேனில்தான் இருப்பேன்.