வகுப்பறைக்குள் வராத மதிப்பீடு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான சில நாட்களிலேயே எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். ஆசிரியர் பயிற்சி நிறுவன விரிவுரையாளரான என்னிடம், விளக்கம் கேட்டு அலுவலகம் அனுப்பும் குறிப்பாணைக்குப் பதில் எழுதுவது எப்படி என்று கேட்பது பொருத்தமா என்று யாரும் யோசிப்பதில்லை. கேட்பதற்கு அவர்களுக்கு வேறு ஆளும் இல்லை. இந்த முறை அழைத்தவர் ஒரு கணிதப் பட்டதாரி ஆசிரியை. இருபது ஆண்டுப் பணி முடித்துச் சிறப்பு நிலை வாங்கியவர். போன ஆண்டு அவருடைய வகுப்பில் எல்லோரும் தேர்ச்சி. மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். இந்த ஆண்டு 19 பேரில் 4 பேர் தவறிவிட்டார்கள். சால்வை போர்த்திய அதே கல்வி அலுவலகம் இப்போது விளக்கம் கேட்கிறது. இடையில் உங்கள் வகுப்பில் ஒரு முழுப் பாடவேளை உட்கார்ந்து பார்த்தவர் யார் என்று கேட்டேன். ஒருவரும் இல்லையாம்.

ஆண்டுதோறும் இதே கதையைக் கேட்டு அலுத்துவிட்டது. எழுதிவிடுகிறேன்.

தேர்ச்சி விழுக்காடுதான் ஆசிரியரின் தரம் என்ற நம்பிக்கையை முதலில் தலைமுழுகுங்கள். 19 பேர் படிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை 5 விழுக்காட்டுக்கும் மேல். 190 பேர் எழுதும் பள்ளியில் அதே ஒரு பிள்ளை அரை விழுக்காடு. ஒருவனுக்குத் தேர்வன்று காய்ச்சல், ஒருத்தி வீட்டில் அந்த மாதம் ஒரு சாவு என்றால் போதும், சிறிய பள்ளியின் எண் சரிந்துவிடும். ஆசிரியர் மாறியிருக்க மாட்டார், பாடப்புத்தகம் மாறியிருக்காது, பிள்ளைகள் வேறு. இதைக் கணித ஆசிரியரிடமே கேள்வியாகக் கேட்டு, அவரையே விளக்கவும் சொல்கிறோம்.

இன்னொன்று. தேர்ச்சிக்கு 35 வேண்டும். 34 எடுத்தவனும் 4 எடுத்தவனும் இந்த எண்ணின் கண்ணில் ஒன்றுதான். 35 எடுத்தவளும் 99 எடுத்தவளும் அப்படியே. வகுத்தல் தெரியாமல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பையனை 31 வரை இழுத்துக்கொண்டு வந்தவர் தோற்றவர்; ஆறாம் வகுப்பிலிருந்தே தனிப்பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பு யாருக்கு வாய்த்ததோ அவர் வென்றவர்.

அனுபவசாலிகளுக்கு இந்த எண்ணைத் தூக்கிப் பிடிக்கும் வழியும் தெரியும். பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் சேர்த்து 16 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. மொத்தம் 30. மீதி ஐந்தை எங்காவது பொறுக்கிக்கொள்ளலாம். ஜனவரியிலிருந்து மெல்லக் கற்கும் மாணவர்கள் தொடுகோடு வரைந்துகொண்டே இருப்பார்கள். தொடுகோடு என்றால் என்ன என்று கேட்டால் விழிப்பார்கள். அந்த ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நாம் கேட்டதை அவர் கொடுத்தார். இதைவிட மோசமான வழியும் உண்டு: தேறமாட்டான் என்று தோன்றும் பையனின் பெற்றோரை ஒன்பதாம் வகுப்பிலேயே அழைத்து, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள், தனித்தேர்வராக எழுதட்டும் என்று பக்குவமாகச் சொல்லிவிடுவது. எண் அழகாகிவிடும். பையன் கடைக்கு வேலைக்குப் போய்விடுவான்.

தேர்ச்சி முக்கியமில்லையா என்று சண்டைக்கு வராதீர்கள். பிள்ளைக்கு அது மிக முக்கியம். ஒரு வகுப்பின் எண் மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து சரிந்தால் அங்கே போய்ப் பாருங்கள். போவதற்கு அது நல்ல காரணம். போனதற்கு ஈடாகாது.

ஆண்டாய்வு நடக்கிறதே என்பார்கள். நடக்கிறது. பாடக்குறிப்பு ஏடு, மதிப்பெண் பதிவேடு, எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளப் பதிவு எல்லாம் சரிபார்க்கப்படுகின்றன. வகுப்பில் பத்து நிமிடம், யாராவது ஒரு பையனை எழுப்பி வாய்பாடு, பிறகு தேநீர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நம்மவர்கள் அந்த ஒரு சோற்றையும் எடுப்பதில்லை, மூடியைத் துடைத்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

புதிதாகப் பணிக்கு வந்தவரிடமாவது யாராவது எதையாவது சொல்கிறார்கள். பத்தாண்டு முடிந்தால் தேர்வு நிலை, இருபதாண்டு முடிந்தால் சிறப்பு நிலை. இரண்டும் சம்பள உயர்வுக்கான கட்டங்கள். இவற்றுக்கு நடுவே உங்கள் கற்பித்தல் எப்படிப் போகிறது என்று கேட்க ஆளில்லை. பயிற்சிகள் வருகின்றன, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்தவை. மாநிலக் கருத்தாளர், அதாவது பயிற்சி தருபவர், மாவட்டத்துக்குச் சொல்லி, மாவட்டம் வட்டாரத்துக்குச் சொல்லி, அருகருகே உள்ள சில பள்ளிகளுக்கான குறுவள மையத்தை அடையும்போது ஒரு காணொளியும் கையெழுத்துத் தாளும் மிஞ்சுகின்றன. இருபது ஆண்டு பின்னம் நடத்தியவரும் சென்ற மாதம் சேர்ந்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பின்னம் என்றால் என்ன என்ற விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. அந்த மணிநேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை.

ஆசிரியர் தகுதித் தேர்வைப் (டெட்) பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்காத ஆளில்லை. உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று அளித்த தீர்ப்பின்படி, எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களில் ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். அதற்குக் குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம், பதவி உயர்வு வேண்டுமானால் எழுதித்தான் ஆக வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் புரளிகளை நம்பிப் படிக்காமல் இருந்துவிடாதீர்கள். ஆனால் இந்தத் தேர்வு பணியில் நுழைவோருக்காக வந்தது. ஐம்பது வயது ஆசிரியையின் வகுப்பில் கடைசி வரிசைக்குப் பாடம் போய்ச் சேர்கிறதா என்பதை எந்த விடைத்தாளும் சொல்லாது.

தலைமையாசிரியர்களே, பருவத்துக்கு ஒரு முறையாவது ஒரு முழுப் பாடவேளை பின்னால் போய் உட்காருங்கள். முந்தைய நாளே சொல்லிவிட்டுப் போங்கள். திடீரென்று நுழைந்தால் நீங்கள் பார்ப்பது பதற்றத்தை. கைப்பேசியை மேசையிலேயே வைத்துவிடுங்கள். பிள்ளைகள் முன்னால் திருத்தாதீர்கள், இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. மூன்று நான்கு பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பாருங்கள். அன்று மாலையே பேசுங்கள்: முதலில் "உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்று கேளுங்கள், பிறகு ஒரே ஒரு குறையைச் சொல்லுங்கள். பதினைந்து குறை சொன்னால் ஒன்றும் மாறாது. ஒரு மாதம் கழித்து அந்த ஒன்றுக்காக மறுபடி போங்கள். இந்த மறுபடிதான் நம் பள்ளிகளில் நடப்பதே இல்லை.

ஆசிரியர்களே, ஜூனில் ஒரு எளிய அடிப்படைத் தேர்வு வைத்து விடைத்தாள்களைப் பத்திரமாக வையுங்கள். குறிப்பாணை வந்தால் கலங்காதீர்கள். வெறும் விளக்கம் கேட்பது வேறு, ஒழுங்கு விதிகளின் 17(அ), அதாவது சிறு தண்டனைக்கான நடவடிக்கை, வேறு, பெருந்தண்டனைக்கான 17(ஆ) வேறு. தலைப்பைப் படித்துவிட்டுப் பிறகு அழுங்கள். கெடு முடிவதற்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். "இனிவரும் காலங்களில் இவ்வாறு நிகழாது" என்று யாரோ எழுதித் தந்ததை நகலெடுத்துக் கையெழுத்திடாதீர்கள். நான்கு பிள்ளைகளும் ஜூனில் எங்கே இருந்தார்கள், மார்ச்சில் எங்கே வந்தார்கள் என்ற அட்டவணையை இணையுங்கள். என்னை அழைத்த ஆசிரியையிடம் அந்த ஜூன் தாள்கள் இருந்தன.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களே, எத்தனை விழுக்காடு என்று கேட்பதை நிறுத்துங்கள். என் பிள்ளைக்குப் போன பருவத்தில் என்ன தெரியவில்லை, இப்போது என்ன தெரியும் என்று கேளுங்கள். பள்ளி வாசலில் வண்டியை அணைக்காமல் கேட்க வேண்டாம். உள்ளே போய் உட்கார்ந்து கேளுங்கள்.