தெற்கா, வடக்கா? சூரியப் புயல் கடைசிவரை மறைத்து வைக்கும் விடை

நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-இல் எழுந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் தொலைநோக்கியைத் தாங்கிய தூண் அது. தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். 1899-இல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்குப் போனது. மழைக்கும் புயலுக்குமான வானிலைப் பணி இங்கேயே தங்கிவிட்டது. சூரியப் புயலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூண்தான் நினைவுக்கு வருகிறது, ஏனென்றால் கடல் புயலின் கணிப்பும் சூரியப் புயலின் கணிப்பும் ஒரே இடத்தில் இடறுகின்றன.

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டது என்பதைச் செயற்கைக்கோள் படம் காட்டிவிடும். அது எங்கே கரையைக் கடக்கும் என்பதில்தான் சென்னையே விழித்திருக்கிறது. சூரியனிலும் அப்படியே. அதன் வெளி வளிமண்டலமான ஒளிவட்டத்திலிருந்து கோடிக்கணக்கான டன் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் கொண்ட வாயு, காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு மேகமாகப் பீறிடுகிறது. அது கிளம்பியதைக் கருவிகள் பார்த்துவிடுகின்றன. பூமிக்கு வந்துசேர ஒரு நாளிலிருந்து மூன்று நாட்கள்வரை ஆகலாம் என்று கணக்கும் போட்டுவிடலாம். ஆனால் வருகிற மேகத்தின் காந்தப்புலம் எந்தத் திசை நோக்கியிருக்கிறது?

திசைகாட்டியின் ஊசி வடக்கைக் காட்டுகிறதே, அதுதான் பூமியின் காந்தப்புலம் செல்லும் திசை. வரும் மேகத்தின் புலமும் வடக்கு நோக்கியிருந்தால், பெரும்பாலும் பூமியின் காந்தக் கவசத்தை உரசிக்கொண்டு கடந்துவிடும். தெற்கு நோக்கியிருந்தால் கதை வேறு. எதிரெதிர்த் திசையில் ஓடும் காந்தக் கோடுகள் அறுந்து, ஒன்றோடொன்று மறுபடி இணைகின்றன. கவசத்தின் தாழ்ப்பாள் திறந்துகொள்ள, புயலின் ஆற்றல் உள்ளே கொட்டுகிறது.

உள்ளே வந்தபின் விண்கலத்துக்கு ஆபத்து பல வழிகளில் வருகிறது. வேகமான எலெக்ட்ரான்கள் கலத்தின் மின்காப்புப் பொருளுக்குள் புதைந்து மின்னூட்டத்தைச் சேர்க்கின்றன. அளவு மீறினால் உள்ளேயே சின்ன மின்னல் வெட்டி மின்சுற்றைக் கருக்கிவிடும். சூரிய வெடிப்போடு பாய்ந்துவரும் புரோட்டான் ஒன்று நினைவகச் சில்லைத் துளைத்தால், 0 என்று இருந்த இடம் 1 ஆகிவிடலாம். கட்டளை வரிசையில் அந்த ஒற்றை எண் மாறினாலே கலம் தடுமாறும்.

தாழ்ந்த பாதையில் சுற்றும் கலங்களுக்கு வேறொரு தொல்லை. புயலின் ஆற்றலால் மேல்வளிமண்டலம் சூடாகி உப்பும். அங்கே காற்று அடர்ந்து கலத்தைப் பின்னிழுக்கும். 2022 பிப்ரவரி 3 அன்று ஏவப்பட்ட, இணைய சேவைக்கான 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 210 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மேலேறக் காத்திருந்தன. மறுநாள் காந்தப் புயல். காற்றின் இழுவை 50 சதவீதம்வரை கூடியது. காற்றை எதிர்க்கும் பரப்பைக் குறைக்க, கலங்களை ஒரு தாள் கிடைமட்டமாகப் பறப்பதுபோல் திருப்பிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை வளிமண்டலத்தில் விழுந்து எரிந்துபோயின. அந்தப் புயல் அப்படியொன்றும் பெரியதல்ல என்பதுதான் என்னை உலுக்குகிறது.

சென்னைக்கு வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட இந்தியாவின் சூரிய ஆய்வுக் கலம் ஆதித்யா எல்-1, மேகத்தின் காந்தப்புலத் திசையைக் கண்டறியும் இடத்தில்தான் இருக்கிறது: பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில். மேகம் அதைக் கடக்கும்போது அதன் காந்தமானி திசையை அளந்துவிடும். ஆனால் நொடிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மேகம், மிச்சத் தொலைவை 50 நிமிடத்தில் கடந்துவிடுகிறது. அதற்குள் உணர்கருவிகளை அணைக்கலாம், பாதை மாற்றும் கட்டளைகளைத் தள்ளிப்போடலாம். புதிய கலத்தை மேலே ஏற்ற அந்த நேரம் போதாது.

அதனால்தான் திசையைப் புறப்படும் இடத்திலேயே படிக்க முயல்கிறார்கள். ஆதித்யாவின் ஒளிவட்ட வரைவி, சூரியனின் வட்டை மறைத்துக்கொண்டு அதைச் சுற்றியுள்ள மங்கலான ஒளியைப் பார்க்கிறது. அந்த ஒளியின் அதிர்வு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில் அங்குள்ள காந்தப்புலத்தின் தடயம் இருக்கிறது. மேகம் கிளம்பும் நாளிலேயே அதைப் படிக்க முடிந்தால், கலங்களை இயக்குகிறவர்களின் கையில் 50 நிமிடத்துக்குப் பதிலாக ஒரு முழு இரவாவது இருக்கும்.