பக்கெட், ரெட்ரோஃபிட்: மோட்டார் பனலில் மாட்டிக்கொண்ட இரு சொற்கள்

கொழும்புத் தொழிற்சாலைகளின் மின் பராமரிப்புப் பிரிவில் 'பக்கெட்' என்றால் யாரும் தண்ணீர் வாளியைத் தேடுவதில்லை. ஒரு மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் காக்கவும் வேண்டிய பிறேக்கர் (கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிப்பது), கொன்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ஆளி), ஓவர்லோட் றிலே (சுமை மிஞ்சினால் மோட்டாரை நிறுத்துவது) ஆகியவற்றைத் தாங்கியபடி ஆளுயரப் பனலுக்குள் செருகி நிற்கும் தகட்டுப் பெட்டிக்குத்தான் அங்கே அந்தப் பெயர். இரத்மலானையிலும் பியகமவிலும் சிங்களம் பேசுபவரும் தமிழ் பேசுபவரும் இதே சொல்லைச் சொல்கிறார்கள், வேலையும் நடந்துவிடுகிறது. தாளில் எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தமிழ் எழுத்து 'ப'வின் இரண்டு ஒலிகளையும் பிரித்துக் காட்டாது. ஆகவே களஞ்சியக் காப்பாளரின் மேசைக்குப் போகும் துண்டில் '6 பக்கெட்' என்று எழுதினால், அது பால்மா பக்கெட்டா, பம்புக்கான பக்கெட்டா என்பது காப்பாளரின் ஊகத்துக்கு விடப்படுகிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் பொருள் வாளிதான். பழைய நோர்மன் பிரெஞ்சு வழியாக அங்கே வந்து சேர்ந்தது. மோட்டார் பனலின் பெட்டியை அப்படி அழைப்பது பெரும்பாலும் அமெரிக்க வழக்கம். பிரித்தானிய, ஐரோப்பிய ஆவணங்கள் 'வெளியே இழுக்கத்தக்க அலகு' என்ற பொருளில் வேறு சொற்களை ஆள்கின்றன. நம் தொழிற்சாலைகளில் இரண்டு பக்கத்து இயந்திரங்களும் இருப்பதால் இரண்டு பக்கத்துச் சொற்களும் கலந்து கிடக்கின்றன. இதை 'வாளி' என்று மொழிபெயர்த்த தாள்களும் உண்டு. அதைப் படிக்கும் மின்வினைஞர் சிரித்துவிட்டு ஆங்கிலப் பக்கத்தைப் புரட்டுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

சரியான சொல் இலங்கைத் தமிழர் வீடுகளிலேயே இருக்கிறது: லாச்சி. மேசையில் இழுத்துத் திறக்கும் அறையை நாம் அப்படித்தான் சொல்கிறோம். சிங்களத்தில் அது 'லாச்சுவ'. இரண்டும் டச்சுக்காரரின் 'லாட்யே' என்ற சொல்லிலிருந்து வந்தவை. மோட்டார் பனலின் அலகும் தண்டவாளத்தில் வழுக்கி உள்ளே போய், பின்புறத்தில் மின்சாரம் கொண்டுவரும் செம்புச் சட்டங்களைக் கவ்விக்கொண்டு, வேண்டும்போது வெளியே வருகிறது. லாச்சி செய்வதும் இதையே. 'இழுப்பறை' என்று எழுதினாலும் பிழையில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு அதுதான் எளிது. ஆனால் கொழும்பு வாசகருக்காக எழுதும்போது நான் 'மோட்டார் லாச்சி' என்றே எழுதுவேன். தூய தமிழ் இல்லையே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த லாச்சிகள் குடியிருக்கும் அலுமாரியும் போர்த்துக்கேயச் சொல்தான். அதை நாம் எப்போதோ நம்முடையதாக்கிக்கொண்டோம்.

முழுப் பனலின் பெயரிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. எம்.சி.சி. என்று சுருக்கி அழைக்கப்படும் இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'மோட்டார் கட்டுப்பாட்டு நிலையம்' என்று எழுதுகிறார்கள். இலங்கையில் 'மோட்டார்' என்றதும் மோட்டார் சைக்கிளும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளும்தான் நினைவுக்கு வரும். 'நிலையம்' என்றதும் ஒரு கட்டடம் தோன்றும். இரண்டும் சேர்ந்தால் வாகனச் சோதனைச் சாவடி என்று ஒருவர் எண்ணினால் வியப்பில்லை. 'மின்மோட்டார் ஆளிப் பனல்' என்றால் குழப்பம் தீரும். சுவிட்சுக்கு 'ஆளி' என்பது நம் பாடநூல்களில் படித்த சொல், ஆள்வது ஆளி. கைவசம் இருக்கும் நல்ல சொல்லைத் தள்ளிவிட்டு 'சொடுக்கி'யைத் தேடிப் போக வேண்டிய தேவை நமக்கு இல்லை.

இனி உண்மையான தொல்லைக்கு வருவோம்: 'ரெட்ரோஃபிட்'.

'ரெட்ரோ' இலத்தீன் முன்னொட்டு. 'பின்னோக்கி' என்று பொருள். 'ஃபிட்' ஆங்கில வினை, பொருத்துவது. இரண்டையும் ஒட்டிய சொல் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. ஒரு பொருள் செய்து முடிந்த பிறகு, அது செய்யப்பட்ட காலத்தில் இல்லாத பாகத்தை அதில் பொருத்துவதே கருத்து. பொருத்தப்படுவது புதிது, பொருந்த வேண்டிய இடம் பழையது. இந்த இரண்டாம் பாதியைத்தான் நம் மொழிபெயர்ப்புகள் தவறவிடுகின்றன.

'புதுப்பித்தல்' என்று எழுதினால் துடைத்து, சாயம் பூசி, தேய்ந்த முனைகளை மாற்றிக் கொடுப்பதும் அதில் அடங்கிவிடும். 'மாற்றீடு' என்றால் பழையதைக் கழற்றி எறிந்து புதிதை வைப்பது. 'பின்னிணைப்பு' நூலின் கடைசிப் பக்கங்களுக்கு உரியது. அடிக்கடி கண்ணில் படுவது 'மீள்பொருத்தல்'. மீள்குடியேற்றம், மீள்கட்டுமானம், மீள்சுழற்சி என்று 'மீள்' போட்டே பழகிய கை இதையும் எழுதிவிடுகிறது. ஆனால் மீள்பொருத்தல் என்பது கழற்றியதையே திரும்ப மாட்டுவது. பம்பைச் சுத்தம் செய்து மறுபடி பூட்டினால் அது மீள்பொருத்தல்.

இது வெறும் சொற்சண்டை அல்ல. கேள்விமனுவில் எந்தச் சொல் இருக்கிறதோ அதற்குத்தான் விலை குறிக்கப்படும். ஆலை எத்தனை நாள் நிற்கும் என்பதும் அதைப் பொறுத்ததே. பனல் முழுவதையும் மாற்றுவது என்றால் அலுமாரி, செம்புச் சட்டங்கள், கேபிள் முனைகள் எல்லாம் போகும். புதிய பனலின் முனை ஓர் அடி தள்ளி அமைந்துவிட்டால் பழைய கேபிள் எட்டாது. ஒவ்வொன்றுக்கும் மூட்டுப் போட வேண்டும். அலுமாரியை வைத்துக்கொண்டு லாச்சிகளை மட்டும் புதிதாகச் செய்து செருகினால், பல ஆலைகள் பூட்டிக் கிடக்கும் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குள் வேலையின் பெரும்பகுதியை முடித்துவிடலாம். மூன்றாவது வழி, பழைய லாச்சியின் தகட்டுக் கூட்டையே வைத்துக்கொண்டு உள்ளுறுப்புகளை மட்டும் மாற்றுவது. உற்பத்தியில் இல்லாத பிறேக்கருக்குப் பதிலாக இன்றைய மாதிரி. வெப்பத்தில் வளையும் ஈருலோகப் பட்டை றிலேக்குப் பதிலாக இலத்திரனியல் றிலே. 2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதி முடங்கியபோது இந்த மூன்றாவது வழியின் அருமை பலருக்குத் தெரிந்தது.

மலிவான வழி என்பதற்காக அது எங்கும் செல்லும் என்று எண்ணக்கூடாது. பழைய கூடு புதியதை ஏற்குமா என்பதுதான் கேள்வி. ஒரு கணக்குப் பார்ப்போம். 400 வோல்ட், 1000 கே.வி.ஏ. நிலைமாற்றியின் முழுச்சுமை மின்னோட்டம் ஏறத்தாழ 1443 அம்பியர். அதன் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 5 சதவீதம் என்றால் குறுஞ்சுற்று ஏற்படும்போது பாயக்கூடியது சுமார் 29 கிலோஅம்பியர். 35 கிலோஅம்பியர் தாங்கும் பனல் அதற்குப் போதும். ஆலை வளர்ந்து, 6 சதவீத மின்மறுப்புள்ள 1600 கே.வி.ஏ. நிலைமாற்றி வந்துவிட்டது என்று வையுங்கள். இப்போது 38 கிலோஅம்பியருக்கு மேல் பாயக்கூடும். லாச்சிக்குள் 50 கிலோஅம்பியர் பிறேக்கரை வைத்தாலும் அதன் பின்னால் நிற்கும் செம்புச் சட்டமும் அதைப் பிடித்திருக்கும் தாங்கிகளும் அதே 35தான். அந்த விசையில் சட்டம் வளைந்தால் புதிய பிறேக்கர் என்ன செய்யும்? அங்கே எழுத வேண்டிய சொல் மாற்றீடு.

வெப்பமும் அப்படியே. கொன்டாக்டர் வைத்த ஸ்டார்ட்டர் வெளியிடும் வெப்பம் சில பத்து வாட். அதே லாச்சிக்குள் 37 கிலோவாட் மோட்டாருக்கு வேகமாற்றி வைத்தால், 2 முதல் 3 சதவீத இழப்பே ஒரு கிலோவாட்டை நெருங்கிவிடும். மூடிய தகட்டுப் பெட்டிக்குள் ஒரு கிலோவாட்! இத்தகைய பனல்களுக்கான ஐ.இ.சி. 61439 என்ற சர்வதேசத் தரம் பனலைச் சுற்றியுள்ள காற்றுக்கு 24 மணிநேரச் சராசரியாக 35 பாகையையும் உச்சமாக 40 பாகையையும் எல்லையாகக் கொள்கிறது. ஏப்ரல் மாதக் கொழும்பில், காற்றோட்டமற்ற பனல் அறையில், அந்த எல்லையைத் தொடுவது கடினமல்ல. கரையோர ஆலைகளில் உப்புக் காற்று வேறு. காற்றுக்காகக் கதவில் துளையிட்டால் அது உள்ளே புகும். அதோடு பனலின் பழைய சோதனைச் சான்றிதழும் அந்தக் கதவுக்குப் பொருந்தாமல் போய்விடும்.

லாச்சியின் பின்புறத்தில் வில்லழுத்தத்துடன் சட்டத்தைக் கவ்வும் செம்பு விரல்களையும் பார்க்க வேண்டும். விரல்கள் புதிதாக இருந்து, சட்டத்தின் வெள்ளிப் பூச்சோ வெள்ளீயப் பூச்சோ தேய்ந்து குழி விழுந்திருந்தால், தொடும் இடம் மறுபடியும் சூடேறும். வெப்பப் படக் கருவியில் சிவந்து தெரிந்த இடம் லாச்சியைப் புதிதாக்கிய பிறகும் சிவந்தே தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். விற்பவர்கள் லாச்சியின் பளபளப்பைக் காட்டுவார்கள். சட்டத்தின் படத்தைக் கேட்டு வாங்க வேண்டியது நம் வேலை.

ஆக, இந்தச் சொல்லுக்குள் இருப்பது புதுமையைவிட இணக்கம். புதியதைப் பழையதன் அளவுக்கும் தாங்குதிறனுக்கும் வெப்பத்துக்கும் இயையச் செய்து பொருத்துவது. அதனால் நான் 'இயைத்துப் பொருத்தல்' என்று எழுதுவேன். பெயராக வேண்டுமென்றால் 'இயைபொருத்தல்'. முதல் தடவை அருகிலேயே 'ரெட்ரோஃபிட்' என்று தமிழில் போட்டுவிட்டால் யாரும் தடுமாறமாட்டார்கள். 'இயை' என்ற வினை வந்தாலே 'இயையுமா?' என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் வேலையை ஒப்படைக்கக்கூடாது. சில எழுத்து கூடுதல் என்று குறைப்படுபவர்கள் பேச்சில் ரெட்ரோஃபிட் என்றே சொல்லட்டும். பேச்சைத் திருத்துவது என் நோக்கமல்ல.

கேள்விமனுவில் நான் எழுதக்கூடிய வாசகம் இது: "அலுமாரியும் செம்புச் சட்டங்களும் இருக்கும் நிலையிலேயே இருக்க, 12 மோட்டார் லாச்சிகளை இயைத்துப் பொருத்துதல், சட்டங்களின் குறுஞ்சுற்றுத் தாங்குதிறனைக் கணக்கிட்டு முன்கூட்டியே சமர்ப்பித்தல், தாங்காதெனக் கண்டால் பனல் மாற்றீட்டுக்கு வேறாக விலை குறித்தல்." இதில் இரண்டு சொற்களும் தத்தம் இடத்தில் நிற்கின்றன, ஒன்றின் விலையை மற்றதன் பெயரில் கேட்க வழியில்லை.

பனலின் கதவில் ஒட்டும் அறிவித்தலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மும்மொழியில் ஒட்டப்படும் அந்தத் தாளில்தான் தமிழ் மிக மோசமாக இருக்கிறது. லாச்சிக்கு மூன்று நிலைகள்: இணைந்த நிலை, சோதனை நிலை, தனிமைப்படுத்திய நிலை. கைப்பிடியை 'ஓஃப்' பக்கம் திருப்பினாலும், லாச்சி இணைந்த நிலையில் இருக்கும்வரை பிறேக்கரின் மேல்முனையில் மின்சாரம் உண்டு. லாச்சியை வெளியே எடுத்த பிறகும் பின்னால் உள்ள சட்டங்களில் மின்சாரம் உண்டு. "வாளியை அணைக்கவும்" என்று எழுதி இதை யாருக்கும் உணர்த்த முடியாது. "கைப்பிடியை அணைத்தல் போதாது. லாச்சியைத் தனிமைப்படுத்திய நிலைக்கு இழுத்துப் பூட்டவும். பின்சட்டங்களில் மின்சாரம் உண்டு" என்று எழுதுங்கள்.