நூலைத் திட்டாதீர்கள், துளையைப் பாருங்கள்

மாலை அறுந்துவிட்டது என்று ராயபுரத்தில் உள்ள என் பட்டறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் நூலைத்தான் திட்டுகிறார்கள். நான் முதலில் மணியின் துளையை விரலால் தடவிப் பார்ப்பேன். விளிம்பு கூராக இருந்தால் எந்த நூலும் நிலைக்காது.

டார்ச்சில், அதாவது வாயுவில் எரியும் தீச்சுடரில், செய்யும் கண்ணாடி மணிக்குப் பெரும்பாலும் அச்சு கிடையாது. களிமண் கலவை பூசிய எவர்சில்வர் கம்பியின் மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றுகிறோம். முதலில் சுற்றிய அகலம்தான் மணியின் நீளம். அதன் நடுவில் மேலும் கண்ணாடி சேர்த்துச் சூடேற்றினால், அது தானாகவே உருண்டு திரளும். இரு முனைகளும் உள்வாங்கிக் குழியும். அகலத்துக்குத் தக்க கண்ணாடி இல்லாவிட்டால் குழி விழாது, முனை மெலிந்து கூராக நிற்கும். கற்க வருபவர்கள் இதைக் கிராஃபைட் பலகையில் உருட்டிச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். அழுத்தி உருட்ட உருட்ட முனை இன்னும் வெளியேதான் நீளும். நடுவில் கண்ணாடி சேர்ப்பதே வழி.

உருளை வடிவம் வேண்டுமானாலும் முதலில் நல்ல உருண்டை வர வேண்டும். தீயை விட்டு வெளியே எடுத்து, செந்நிறம் சற்று மங்கியபின் மெதுவாக உருட்டுங்கள். பலகை பட்ட இடத்தில் குளிர்ந்த தழும்பு விழும். லேசாகத் தீ காட்டினால் மறையும். இதற்கிடையே கம்பி சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் மணி ஒருபக்கம் தொங்கிவிடும். எங்கள் பக்கம் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறி, தீயின் நாக்கைச் சாய்க்கும். அதற்காகச் சன்னலை இறுக அடைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள். காற்று எதிரே அடிக்காதபடி மேசையைத் திருப்பிப் போடுங்கள், புகைபோக்கி விசிறி ஓடட்டும்.

உடைந்த வளையலையும் பாட்டிலையும் கடையில் வாங்கிய கண்ணாடிக் கம்பியோடு கலக்கும் ஆசை பலருக்கு உண்டு. விரிந்து சுருங்கும் அளவு ஒத்துப்போகாத கண்ணாடிகள் ஒட்டினாலும் பிறகு வெடிக்கும். ஒரே வகைக் கண்ணாடியில் செய்த மணியையும் சாம்பலில் புதைத்து ஆறவிட்டால் மட்டும் போதாது. சாதாரண சோடா கண்ணாடியைச் சூளையில் 510 டிகிரி செல்சியஸை ஒட்டி நிறுத்தி, மெல்ல இறக்கினால்தான் உள்ளிறுக்கம் தளரும். இல்லையேல் கழுத்தில் கிடக்கும்போதுகூட விரிசல் விடலாம்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு டார்ச் முன் உட்காராதீர்கள். உருகும் கண்ணாடியிலிருந்து எழும் மஞ்சள் ஒளி சோடியத்தால் வருவது. அதை வடிகட்ட டிடைமியம் என்ற தனிவகை மூக்குக்கண்ணாடி இருக்கிறது. ஆறிய மணியின் துளையில் ஒட்டியிருக்கும் பூச்சைச் சுரண்டும்போது மணியைத் தண்ணீரில் அமிழ்த்தியே சுரண்டுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.