துணியில் படிந்த தூசியை என்னிடம் காட்டாதீர்கள்

சமையலறை மேடைக்குக் குவார்ட்ஸ் பலகை அறுத்துப் பொருத்தும் இளைஞர் ஒருவர் சென்ற வாரம் புறநோயாளிப் பிரிவுக்கு வந்திருந்தார். முப்பதைத் தாண்டி அதிகம் ஆகாத வயது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல் விடவே இல்லை, வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு எடை குறைந்துவிட்டது. சளியில் கிருமி இருப்பதாக எந்தப் பரிசோதனையும் சொல்லாத நிலையிலேயே வேறோர் இடத்தில் காசநோய்க்கான மாத்திரைகளை ஆறு மாதம் விழுங்கியிருக்கிறார். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரல்களின் மேற்பகுதியிலும் பொடிப் பொடியாகத் திட்டுகள் இருந்தன. சிடி ஸ்கேன் பார்த்தபின் ஐயத்துக்கு இடமில்லை, சிலிக்கோசிஸ்; கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கித் தழும்பாக்கும் நோய். அவருடைய தொழிலைப் பற்றி நான் கேட்கத் தொடங்கியதுமே, சட்டைப் பையிலிருந்து மடித்த துணி மாஸ்க் ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினார். "மாஸ்க் இல்லாம நான் அறுக்கறதே இல்லீங்க டாக்டர். பாருங்க, எவ்வளவு தூசி இதுலயே நின்னுருக்குதுன்னு."

இதே வாக்கியத்தைச் சிற்பக்கூடங்களில் கிரைண்டர் பிடிப்பவர்களிடமும், எம்-சாண்ட் ஆலையில் வேலை செய்பவர்களிடமும், போர்வெல் வண்டியில் ஊர் ஊராகச் செல்பவர்களிடமும் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. துணியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் காட்டி, அது தன் வேலையைச் செய்துவிட்டது என்று எல்லாரும் நம்புகிறார்கள். ஆகவே, மற்ற எதையும் சொல்வதற்கு முன்னால் இந்த நம்பிக்கையை உடைக்க வேண்டியிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் தூசியால் சிலிக்கோசிஸ் வருவதில்லை. நம் தலைமயிர் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், நுரையீரலின் காற்றுப்பைகள் வரை சென்று தங்கும் சிலிக்காத் துகளின் அளவு 5 மைக்ரானுக்கும் குறைவு. அதைவிடப் பருமனான தூசியை மூக்கில் உள்ள மயிரும் சளியும் தொண்டையும் பெரும்பாலும் பிடித்து வெளியேற்றிவிடும். தும்மலிலும் காறித் துப்பும் சளியிலும் வருவது அதுதான். உங்கள் துணி பிடித்து வைத்திருப்பதும் அதே பருமனான தூசியைத்தான், அதாவது உங்கள் மூக்கே பார்த்துக்கொண்டிருக்கக்கூடிய தூசியை. ரவை சலிக்கும் சல்லடையில் மைதாவைக் கொட்டிவிட்டு, மேலே நின்ற கட்டிகளைக் காட்டி "பார், சல்லடை வேலை செய்கிறது" என்று சொல்வதற்கு இது ஒப்பாகும். துணியின் இழைகளுக்கு நடுவிலும், கன்னத்துக்கும் துணிக்கும் நடுவிலும் புகுந்து உள்ளே போன துகளை யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. அறுப்பதை நிறுத்திப் புழுதி அடங்கிவிட்டது என்று நீங்கள் மாஸ்க்கைக் கழற்றித் தேநீர் குடிக்கும்போதும் அது மணிக்கணக்கில் காற்றில் மிதந்துகொண்டுதான் இருக்கும். துணியை நனைத்துக் கட்டினாலும், இரண்டாக மடித்துக் கட்டினாலும், தலையில் கட்டிய துண்டை இறக்கி மூக்கை மூடினாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதற்கு அடுத்தபடியாக என் பொறுமையைச் சோதிப்பவை வாழைப்பழமும் வெல்லமும். வேலை முடிந்ததும் இரண்டு பழம் சாப்பிட்டால் தூசி கீழே இறங்கிவிடும் என்ற நம்பிக்கை பஞ்சாலை முதல் கல் பட்டறை வரை எல்லா இடத்திலும் இருக்கிறது. சில முதலாளிகள் முகக்கவசத்துக்குப் பதிலாகப் பழச்சீப்பையே வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள், செலவும் குறைவு. சாப்பிட்டது இரைப்பைக்குப் போகிறது, தூசி நுரையீரலுக்குப் போகிறது, இரண்டும் சந்திப்பதே இல்லை. வாழைப்பழம் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள்.

முகத்தில் மாட்டுகிற ஒவ்வொரு கவசமும் ஒவ்வொரு வேலைக்காகச் செய்யப்பட்டது. அறுவை சிகிச்சை அறையில் நாங்கள் கட்டும் நீல நிற மாஸ்க், 1897இல் மிக்குலிச் என்ற அறுவை மருத்துவர் மெல்லிய துணியைக் கட்டிக்கொண்ட காலத்திலிருந்தே, மருத்துவரின் எச்சில் துளி நோயாளியின் திறந்த காயத்தில் விழாமல் இருப்பதற்காக ஏற்பட்டது. அது எதிரில் இருப்பவரைக் காப்பது. அணிந்தவரின் கன்னத்தோரம் காற்று தாராளமாக உள்ளே வந்து போகும். அணிந்தவரையே காப்பதற்கென்று கவசம் செய்தவர்களில் முக்கியமானவர் பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியென்-தே. 1910-11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது பஞ்சையும் துணியையும் அடுக்கி அவர் செய்த கவசத்தை ஏற்காமல் நோயாளிகளைப் பார்க்கச் சென்ற மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் சில நாட்களிலேயே அதே நோயில் இறந்தார். (மருத்துவர்களின் பிடிவாதம் எங்கள் தலைமுறையில் தொடங்கியதல்ல.)

இன்று என்95 என்று எல்லாரும் அறிந்திருப்பது, 0.3 மைக்ரான் அளவுள்ள, எண்ணெய்ப்பசை இல்லாத துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கும் வடிகட்டி. அதன் நடு அடுக்கில் உள்ள இழைகளில் மின்னூட்டம் ஏற்றப்பட்டிருக்கிறது. அதைச் சோப்புப் போட்டுத் துவைத்தாலோ சானிடைசர் தெளித்தாலோ அந்த மின்னூட்டம் போய்விடும். பார்வைக்குப் புதிதாக இருக்கும், பயன் பெருமளவு குறைந்திருக்கும். வால்வு வைத்த கவசத்தைப் பற்றியும் குழப்பம் இருக்கிறது. 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத்துறை அதை வேண்டாம் என்றது, அணிந்தவர் வெளிவிடும் மூச்சு வடிகட்டப்படாமல் பிறர் மேல் படும் என்பதால். கல் அறுக்கும் இடத்தில் உங்கள் மூச்சால் யாருக்கும் ஆபத்தில்லை. உள்ளே போகும் காற்றுதான் பிரச்சினை. அங்கே வால்வு வைத்ததை அணியலாம், வெக்கையும் சற்றுக் குறையும்.

ஆனால் இந்த என்95 எந்த வாயுவையும் நிறுத்தாது. பெயின்ட், தின்னர், அமிலப் புகை, அம்மோனியா ஆகியவை துகள் வடிகட்டியைக் கடந்து நேராக உள்ளே போகும். அவற்றுக்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் மாட்டிய ரப்பர் கவசம் தேவை. அந்தக் கரியில் கணிசமான பங்கு நம் பக்கத்துத் தேங்காய்த் தொட்டியிலிருந்து கிடைப்பதுதான். எந்தக் கார்ட்ரிட்ஜ் எதற்கு என்பதை நிறத்தை வைத்து நினைவில் கொள்ளாதீர்கள். கரைப்பான் ஆவிக்கு ஐரோப்பிய முறையில் பழுப்பு, அமெரிக்க முறையில் கறுப்பு; கடையில் இரண்டும் கலந்து கிடக்கும். மேலே அச்சிட்டிருப்பதைப் படித்தோ, படிக்கத் தெரிந்தவரிடம் கேட்டோ வாங்குங்கள். கார் பட்டறையில் ஹார்டனர் கலந்து ஸ்பிரே அடிப்பவர்களுக்கு இதுவும் போதாது. அந்தக் கலவையில் உள்ள ஐசோசயனேட்டுகள் என்ற வேதிப்பொருள்கள் மணம் காட்டி எச்சரிப்பதில்லை. கார்ட்ரிட்ஜ் நிரம்பிவிட்டதை நீங்கள் அறியும் வழி பல நேரங்களில் ஆஸ்துமாவாக இருக்கும். அவர்களுக்கு வெளியிலிருந்து குழாய் வழியாகத் தூய காற்று வர வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டியைப் பற்றித் தனியாகவே சொல்கிறேன், கெஞ்சியே சொல்கிறேன். என்95, கார்ட்ரிட்ஜ், ஈரத் துண்டு, எதைக் கட்டிக்கொண்டும் உள்ளே இறங்காதீர்கள். வடிகட்டி இருக்கிற காற்றைத்தான் வடிகட்டும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அதனால் ஆக்சிஜனை உண்டாக்க முடியாது. அங்கே உள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு 100 பிபிஎம் அளவை (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) எட்டும்போது மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடுகிறது, ஆகவே நாற்றம் நின்றுவிட்டது என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டு ஓரடி கூடுதலாக இறங்குகிறார்கள். ஒருவர் மயங்கியதும் தம்பி இறங்குகிறார், அவரைத் தூக்க மைத்துனர் இறங்குகிறார், மூன்று உடல்களும் ஒன்றாகப் பிணவறைக்கு வருகின்றன. விழுந்தவரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தீயணைப்புத் துறையை 101இல் அழையுங்கள். முதுகில் காற்று உருளை கட்டிய கவசம் அவர்களிடம் இருக்கிறது. பாதுகாப்பில்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதே 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய சாவுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இயந்திரம் வரவழைக்க ஆகும் வாடகையோடு வீட்டு உரிமையாளர்கள் அதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கல் வேலைக்குத் திரும்புகிறேன். சரியான கவசத்தை வாங்கிவிட்டால் மட்டும் போதாது, அது முகத்தில் ஒட்டி உட்கார வேண்டும். காதில் மாட்டும் வளையம் உள்ளதைவிட, தலைக்குப் பின்னால் ஒன்றும் பிடரியில் ஒன்றுமாக இரண்டு பட்டைகள் உள்ளதை வாங்குங்கள். இந்தியத் தரநிலை எண் ஐ.எஸ். 9473 அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். நடைபாதைக் கடையில் இருபது ரூபாய்க்கு என்95 என்று எழுதி விற்பதை நம்பாதீர்கள். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்துங்கள், கைகளால் கவசத்தை மூடி ஊதிப் பாருங்கள். கண்ணோரம் காற்று அடித்தால் அது சரியாக உட்காரவில்லை. தாடி இருந்தால் எந்த ஒட்டுக் கவசமும் பயன்படாது. ஒவ்வொரு கார்த்திகையிலும் மாலை போட்டுக்கொண்டு வரும் இளைஞர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்களுடைய முகம் வாடுவது எனக்குத் தெரிகிறது. விரதத்தைக் கைவிடச் சொல்லவில்லை. மண்டலம் முடியும் வரை அறுப்பு மேடையிலிருந்து தள்ளி, அளவெடுப்பது, பொருத்துவது போன்ற வேலையை வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். முதலாளிகளில் பலரும் ஐயப்ப பக்தர்கள்தான், மறுக்க மாட்டார்கள்.

இவ்வளவும் செய்தாலும், நன்றாகப் பொருந்திய என்95 உள்ளே போகும் தூசியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்றுதான் பாதுகாப்புத் துறையினர் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்பட்ட சிலிக்காவின் அளவு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம். தண்ணீர் விடாமல் குவார்ட்ஸ் பலகையை அறுக்கும் இடத்தில் இருப்பது இதைப் போலப் பல மடங்கு; பத்தில் ஒரு பங்காகக் குறைத்த பிறகும் அது உயிரைக் குடிக்கப் போதுமானது. கிரானைட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சிலிக்கா. ரெசின் என்ற பிசின் கலந்து செய்யப்படும் குவார்ட்ஸ் பலகை என்ற இந்தச் செயற்கைக் கல்லில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இருப்பது வழக்கம். இளைஞர்கள் அடுத்தடுத்து நோயுற்றதைப் பார்த்த ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டது. நம் ஊரில் அதே கல், பால்கனியில் வைத்து, கை கிரைண்டரால், காய்ந்தபடியே அறுக்கப்படுகிறது.

எனவே முதலில் தண்ணீர், பிறகு தூசியை உறிஞ்சும் இயந்திரம், அதன் பின்னரே மாஸ்க். தண்ணீர்க் குழாய் பொருத்திய கட்டர் கடைகளில் கிடைக்கிறது. வீட்டுத் தரை நனையும், சேறாகும், வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்காரர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். பட்டறையிலேயே ஈரமாக அறுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்; உங்கள் குழந்தைகளும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்கவும், உடம்பில் படிந்ததைக் கம்ப்ரசர் காற்றால் ஊதவும் விடாதீர்கள். வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம்.

பட்டறை முதலாளிகளுக்கு ஒன்று. 1930-31இல் அமெரிக்காவின் மேற்கு வெர்ஜினியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைத்தபோது, பார்வையிட வந்த அதிகாரிகள் முகக்கவசம் அணிந்து வந்தார்கள், உள்ளே துளையிட்டவர்களுக்கு எதுவும் தரப்படவில்லை, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, பையன்கள் மாஸ்க் கொடுத்தால் போட மாட்டேன் என்கிறார்கள் என்று என்னிடம் முறையிடும்போது எனக்கு அந்தச் சுரங்கம்தான் நினைவுக்கு வருகிறது. முழுநாள் வெயிலில் அதைப் போட்டுப் பாருங்கள், ஏன் கழற்றுகிறார்கள் என்று புரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தூசியில்லாத இடத்தில் இடைவேளை கொடுங்கள்.

என் சக மருத்துவர்களுக்கு வேறொன்று. மேற்பகுதியில் திட்டு தெரிந்ததும் காசநோய் என்று எழுதிவிடாமல், என்ன வேலை செய்கிறீர்கள், இதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்க ஒரு நிமிடம்தான் ஆகும். சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் எளிதில் தொற்றும் என்பது உண்மை, அதனால் கிருமியைத் தேடத்தான் வேண்டும். தேடிக் கிடைக்காதபோது தொழிலைத் தேட வேண்டும். இந்த நோயை அரசுக்கு அறிவிப்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே மருத்துவரின் கடமையாக வைக்கப்பட்டது. நாம் அறிவிக்காததால்தான் ஏட்டில் இந்த நோய் இல்லாதது போலத் தோன்றுகிறது.

நோய் வந்துவிட்டவர்களுக்குத் தழும்பைக் கரைக்கும் மருந்து எதுவும் எங்களிடம் இல்லை. வேலையை விட்டபின்னும் அது வளரக்கூடும். ஆனால் சிலிக்கோசிஸ் இழப்பீட்டுக்குரிய தொழில்நோய், ஈ.எஸ்.ஐ. அட்டவணையிலும் அதற்கு இடம் உண்டு. அதைப் பெறுவதற்கு நீங்கள் எங்கே, எவ்வளவு காலம் வேலை செய்தீர்கள் என்பதை நிரூபிக்க வேண்டியிருக்கும். ஆகவே பழைய எக்ஸ்ரே படங்களை, முதலில் எடுத்ததையும் சேர்த்து, வரிசையாக வையுங்கள். சம்பளம் வங்கியிலோ கைப்பேசியிலோ வந்திருந்தால் அந்தப் பட்டியலை எடுத்து வையுங்கள். கையில் வாங்கியிருந்தால், கூட வேலை செய்தவர்கள் இருவரின் பெயரையும் எண்ணையும், வேலையிடத்தில் எடுத்த படம் ஏதேனும் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். அந்தத் துணி மாஸ்க்கை வீட்டிலேயே விட்டுவிடலாம்.