விரிசலுக்குப் பூச்சு வேண்டாம், முதலில் தண்ணீரைத் திருப்புங்கள்

போன வாரம் கோத்தகிரி பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ரோட்டிலிருந்து வாசலுக்கு இறங்கும் 30 அடி கான்கிரீட் ரேம்ப். நடுவில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். பள்ளத்துப் பக்கம் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. "இதோட மூணு தடவை பூசியாச்சு தம்பி. அடுத்த மழைக்கு மறுபடியும் வாயைப் பிளந்துடுது" என்றார் அந்த அம்மா. அவர் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று முறை கொடுத்த கூலியையும் சிமெண்ட் காசையும் கூட்டினால் ஒரு முறை ஒழுங்காகவே செய்திருக்கலாம். இந்த மழைக்காலத்தில் இப்படி நான் பார்க்கும் ஐந்தாவது வீடு இது.

"மேல ஒரு இஞ்ச் பூசிட்டா சரியாயிடும் சார்" என்று யாராவது சொன்னால், தயவுசெய்து நம்பாதீர்கள். பழைய கான்கிரீட் சுருங்க வேண்டிய அளவு எப்போதோ சுருங்கிவிட்டது. அதன் மேல் போடும் புதுக் கலவை காயக் காயச் சுருங்கும். கீழே இருப்பது அசையாது, மேலே இருப்பது இழுக்கும், பிடிப்பு விட்டுப்போகும். நம் ஊர் ரேம்ப்பில் பாசியும் களிமண்ணும் வேறு ஒட்டியிருக்கும், அதன் மேல் பூசினால் முதல் நாளிலிருந்தே பிடிப்பு கிடையாது. கார் நாலு முறை ஏறி இறங்கினால் சில்லு சில்லாகப் பெயரும். பெயராமல் நின்றாலும் பயனில்லை. அடியில் உள்ள விரிசல் ஒவ்வொரு முறை வண்டி ஏறும்போதும் அசைகிறது, அதே கோட்டில் மேலேயும் வெடிக்கும். பூசிய இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கூடு போலச் சத்தம் வந்தால் அது ஏற்கெனவே பிரிந்துவிட்டது. சிமெண்ட் பால் ஊற்றி மூடுவதும் இதே கதைதான். கொத்தனாரைக் குறை சொல்லவில்லை. பூசச் சொன்னால் அவர் பூசத்தான் செய்வார்.

மலையில் வீடு கட்டும்போது மேட்டை வெட்டி, அந்த மண்ணையே பள்ளத்துப் பக்கம் கொட்டி மட்டம் செய்கிறோம். ரேம்ப்பின் ஒரு பாதி கெட்டி மண் மேல், மறுபாதி கொட்டுமண் மேல். அந்த அம்மா வீட்டில் ரோட்டுத் தண்ணீரும் கூரைக் குழாய்த் தண்ணீரும் நேராக அந்தக் கொட்டுமண் பக்கமே இறங்கின. நனைந்த கொட்டுமண் அமுங்கும், அதன் மேலிருக்கும் பாதி இறங்கும், நடுவில் வெடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் கொட்டுகிற கொட்டுக்கு எந்தப் பூச்சு நிற்கும்?

மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தெரிந்துவிடும். கையில் பத்தாயிரம்தான் இருக்கிறதா? முதல் செலவு மேல் பக்கம் ஒரு குறுக்கு வாய்க்கால், கூரைத் தண்ணீருக்கு ஒரு குழாய். ரேம்ப்பைப் பிறகு பார்க்கலாம்.

இறங்காமல் வெடித்த மெல்லிய விரிசல் என்றால், உளியால் இருபுறமும் கொத்தி அகலப்படுத்தி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, லேடக்ஸ் (பிடிப்புக்காகச் சேர்க்கும் பால் போன்ற திரவம்) கலந்த சிமெண்ட் கலவையை அழுத்தி நிரப்புங்கள். வண்டி ஏறும்போது அசைகிற விரிசலுக்குச் சிமெண்ட் ஆகாது, ரப்பர் போல இழுபடும் சீலன்ட்தான் வேண்டும். இறங்கிய பகுதியை உடைத்தே ஆக வேண்டும். அடியில் மண்ணை நாலு நாலு அங்குலமாகப் போட்டுத் திமிசால் (இடிகட்டையால்) இடியுங்கள், ஒரே மூச்சில் நிரப்பாதீர்கள்.

முழுவதும் உடைக்க வேண்டியிருந்தால், 10 அடி அகலத்துக்குப் போடாமல் இரண்டு சக்கரத்துக்கும் தலா இரண்டடியில் தடம் மட்டும் போடலாம். நடுவில் புல் இருக்கட்டும், தண்ணீர் வடிய வாய்க்கால் மட்டும் தவறக் கூடாது. 30 அடி நீளம், 5 அங்குல கனம், 1:1½:3 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி) என்றால் முழு அகலத்துக்கு ஏறக்குறைய 28 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். தடத்துக்கு 12 போதும். ஜல்லியும் எம் சாண்டும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வருகிற விலைக்கு இது பெரிய வித்தியாசம்.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரு மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். எட்டுப் பத்து அடிக்கு ஒரு ஜாயின்ட் விடச் சொல்லுங்கள். மேலே வழவழப்பாகத் தேய்க்க வேண்டாம், குறுக்கே துடைப்பம் இழுத்தால்தான் டயருக்குப் பிடி கிடைக்கும். குளிரில் கலவை இறுக நாளாகும், ஈரச் சாக்கு பத்து நாளாவது கிடக்கட்டும். ஊட்டியில் உறைபனி விழும் நாட்களில் கான்கிரீட் போடவே கூடாது. அனுமதி வாங்காமல் பொக்லைனைக் கூப்பிட்டு மண்ணை வெட்டாதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். விரிசல் ரேம்ப்போடு நிற்காமல் மண்ணிலும் தொடர்ந்தால், சரிவின் விளிம்பை ஒட்டிப் பிறை போல வளைந்தால், தடுப்புச் சுவர் புடைத்தால், கதவு திடீரென்று சிக்கினால், அதைப் பூசி மறைக்காதீர்கள். நகர்வது ரேம்ப் இல்லை, மலைச்சரிவு. 2009 நவம்பரில் நம் நீலகிரி மாவட்டத்து மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோரை இழந்தோம். வீட்டை விட்டு வெளியே வந்து மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லுங்கள்.

அந்த அம்மா வீட்டுத் தடுப்புச் சுவரை இரண்டு முறை சுற்றிப் பார்த்தேன். நேராக நிற்கிறது, மண்ணில் வெடிப்பு இல்லை. அன்றைக்குக் கூரைக் குழாயை மட்டும் மறுபக்கம் திருப்பிவிட்டு வந்தேன். ரேம்ப்பை மாசியில் தொடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.