லண்டன் விசா மட்டும் இருந்தால் பரிஸ் வழியாகப் போக முடியாது

கிளிநொச்சியில் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால் லண்டன் பயணத்துக்கு ஏதும் பிரச்சினையா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கொழும்பு–லண்டன் நேர்ப் பறப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு நாட்டு விமானம் இன்னொரு நாட்டில் ஆளேற்றி இறக்க வேண்டுமென்றால் இரண்டு அரசுகளும் உடன்பட வேண்டும். சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944ஆம் ஆண்டின் சிக்காகோ சமவாயத்திலிருந்து இதுதான் நடைமுறை. யாழ்ப்பாணத்துப் பலாலி–சென்னைப் பறப்பு இலங்கையும் இந்தியாவும் உடன்பட்டு நடப்பது. ஸ்ரீலங்கன் விமானம் லண்டன் ஹீத்ரோவில் இறங்குவதும் இலங்கையும் பிரிட்டனும் தங்களுக்குள் பேசிக்கொண்ட உரிமையில்தான். அதனால் விலகல் அதைத் தொடவில்லை.

ஐரோப்பாவுக்குள் கதை வேறு. 1997 ஏப்ரல் முதல், ஒன்றியத்து விமான நிறுவனம் எதுவும் இன்னொரு உறுப்பு நாட்டின் உள்நாட்டுப் பாதையிலும் ஓடலாம் என்றானது. பிரிட்டிஷ் நிறுவனம் பரிஸில் ஆளேற்றி அதே பிரான்சின் நீஸில் இறக்கலாம். 2020 டிசம்பர் 31உடன் அந்த உரிமை போய்விட்டது. மற்ற வியாபாரம் என்றால், ஒப்பந்தம் முறிந்தாலும் உலக வர்த்தக அமைப்பின் விதிகள் கைகொடுக்கும். வான்வழி உரிமை அந்த விதிகளுக்குள் வராது. புது ஒப்பந்தம் இல்லையென்றால் விமானம் தரையில் நிற்க வேண்டியதுதான். கெடுவுக்குக் கடைசி வாரத்தில் ஒன்றியத்தோடு முடிந்த ஒப்பந்தம் லண்டன்–பரிஸ் போன்ற பாதைகளைக் காப்பாற்றியது. பரிஸ்–ரோம் போல ஒன்றியத்துக்குள்ளேயே ஓடும் பாதை பிரிட்டிஷ் நிறுவனங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

ஈசிஜெட் என்ற பிரிட்டிஷ் மலிவு விமான நிறுவனம் இதை முன்கூட்டியே யோசித்து 2017இல் வியன்னாவில் தனி நிறுவனம் தொடங்கியது. அதன் விமானங்களின் பின்புறத்தில் உள்ள பதிவெழுத்து 'ஓ-ஈ' என்று தொடங்கும். அது ஒஸ்ரியாப் பதிவு. பிரிட்டிஷ் பதிவு என்றால் 'ஜி'. அந்த நிறுவனத்துக்கு ஒஸ்ரியா கொடுத்த உரிமத்தில்தான் ஒன்றியத்துக்குள் பறக்கும் உரிமை இருக்கிறது.

சரி, எங்கள் ஆட்களுக்கு அடி விழும் இடத்துக்கு வருவோம். இலங்கைக் கடவுச்சீட்டோடு செங்கன் நாடொன்றில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகள்) விமானம் மாற, விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் ட்ரான்சிற் விசா வேண்டும். பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்த காலத்தில் பிரிட்டன் விசா உள்ளவர்களுக்கு இதில் விலக்கு இருந்தது. 2021 முதல் அது இல்லை. மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் புதுக்குடியிருப்பிலிருந்து புறப்படும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். லண்டன் விசா சரி, காசு கட்டியாயிற்று, ஆனால் டிக்கெட் பரிஸ் வழி. கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணப்பெட்டி போடும் இடத்திலேயே மறித்துவிடுவார்கள். காசும் பெரும்பாலும் திரும்பாது.

மலிவு என்று வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் போட்டு அனுப்பும் டிக்கெட்டுகளில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். தம்பி தங்கைமாரே, காசு கட்டும் முன் இடையில் எந்த ஊரில் இறங்குகிறது என்று ஒரு தடவை பாருங்கள். டோகா, டுபாய் என்றால் இந்தத் தொல்லை இல்லை. பரிஸ், பிராங்பேட் என்றால் முதலில் அந்த நாட்டுத் தூதரக விதியைப் பாருங்கள்.

தாமத நட்டஈட்டுச் சட்டமும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. நிறுவனத்தின் தவறால் ஹீத்ரோ–கொழும்புப் பறப்பு நான்கு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால், அது ஸ்ரீலங்கன் என்றாலும், பிரிட்டிஷ் சட்டப்படி 520 பவுண் கேட்கலாம். பரிஸிலிருந்து என்றால் ஒன்றியச் சட்டப்படி 600 யூரோ. கட்டுநாயக்கவிலிருந்து ஸ்ரீலங்கனில் போகும்போது இரண்டும் பொருந்தாது. போர்டிங் பாஸை எறிந்துவிடாதீர்கள். கேட்கப் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.